முதல் பெல்லட் ஸ்மோக்கர்: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் எது ஒத்துவரும்?

பெல்லட் ஸ்மோக்கர் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் என்ற சின்னக் குச்சிகளை எரித்து, அந்தச் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பு. அதை வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் பிராண்டில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். கிரில் எவ்வளவு பெரிசு, வைஃபை இருக்கா, ஆப் எப்படி என்று போகும். சேலத்தில் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. இந்த மெஷின் நம் வீட்டுக் கரண்டில் ஓடுமா? இதற்குப் போட பெல்லட் வருஷம் முழுக்கக் கிடைக்குமா? இரண்டில் ஒன்றுக்குச் சரியான பதில் வரவில்லை என்றால், மூடி போட்ட நல்ல கரி அடுப்பு ஒன்று வாங்கிக்கொள்வதே மேல். சீமைக்கருவேலங்கரிக்கு நம் பக்கம் பஞ்சமே கிடையாது.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். பக்கவாட்டில் பெல்லட் கொட்டும் பெட்டி, அதுதான் ஹாப்பர். அதன் அடியில் ஆகர் என்ற திருகு. சின்ன மோட்டார் ஒன்று அதை மெதுவாகச் சுற்றி, பெல்லட்டை நடுவிலுள்ள ஃபயர்பாட்டுக்குள் தள்ளும். ஃபயர்பாட் ஒரு பெரிய டம்ளர் அளவு இருக்கும். அதில் செருகியிருக்கும் இக்னைட்டர் கம்பி பழுத்துச் சிவந்து பெல்லட்டைப் பற்றவைக்கும். நாலைந்து நிமிஷத்தில் தன் வேலையை முடித்து அணைந்துவிடும். அதன்பிறகு தீயைக் காப்பாற்றுவது ஃபேன் ஊதும் காற்று. மேலே ஒரு தகடு நெருப்பை மறைத்து வெப்பத்தைப் பரப்பும், அதற்கும் மேலே சொட்டுத் தட்டு, அப்புறம் கிரில் கம்பி. உள்ளே இருக்கும் வெப்ப உணரி சொல்வதை வைத்து, எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஆகரைச் சுற்றுவது என்று கன்ட்ரோலர் முடிவு செய்யும். ஆக, இது விறகில் எரிந்தாலும் கரண்டில் ஓடும் அடுப்பு. கரண்ட் போனால் தீயும் போச்சு.

இந்த அமைப்பு அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்தில் 1980-களில் ஜோ ட்ரேகர் உருவாக்கியது. காப்புரிமை காலாவதியான பிறகுதான் மற்ற கம்பெனிகள் வரிசையாக வந்தன. அதனால் நமக்கு ஒரு லாபம்: பல பிராண்டுகளில் இக்னைட்டரும் ஆகர் மோட்டாரும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. உங்கள் பிராண்டின் ஸ்பேர் கிடைக்காவிட்டாலும் அளவும் வோல்டேஜும் பார்த்து வேறொன்றைப் பொருத்த வழி உண்டு.

இப்போது கரண்ட். அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் ஓடுபவை. நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த மெஷினையோ, அங்கிருந்து இறக்கியதை இங்கே விற்பவரிடம் வாங்கியதையோ நேராகச் செருகினால் இக்னைட்டருக்குப் போக வேண்டிய சக்தியைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் போகும். கம்பி எரிந்துபோகும், கூடவே கன்ட்ரோலர் போர்டும் போகலாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் தீர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். பாதிதான் தீரும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஏசி மோட்டார் வைத்த பழைய வகை மெஷின்களில் ஆகரும் ஃபேனும் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். மோட்டார் வழக்கத்தைவிடச் சூடாகும். வெப்பம் வேண்டிய அளவுக்கு ஏறாமல் மெஷின் திணறும். மோட்டாரை நினைத்து டிரான்ஸ்ஃபார்மர் வெளியீட்டை 110 வோல்ட்டில் வைப்பது நல்லதுதான், ஆனால் அப்போது பற்றவைக்க ஒன்றிரண்டு நிமிஷம் கூடுதலாகும். டிரான்ஸ்ஃபார்மரின் திறன் குறைந்தது 500 விஏ, 750 இருந்தால் நிம்மதி. பயணத்துக்கு விற்கிற கையடக்க கன்வெர்ட்டரெல்லாம் இதற்கு ஆகாது.

டிசி மோட்டார் வைத்த புது மாடல்களில் இந்த ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை. ஆனால் ஒரு கண்ணி உண்டு: மோட்டார் டிசியாக இருந்தாலும் இக்னைட்டர் 120 வோல்ட் ஏசியாகவே இருக்கலாம். மெஷினின் பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இரண்டும் எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுக்குப் போகும் மாடல்கள் இந்தக் கணக்கில் வருபவை. அதில் ஒன்று கிடைத்தால், கொஞ்சம் சின்னதாக இருந்தாலும், டிரான்ஸ்ஃபார்மரோடு வரும் பெரிய அமெரிக்க மாடலைவிட அதுதான் நல்லது.

பற்றவைக்கும்போது இழுப்பது 200 முதல் 300 வாட். அது முடிந்தபின் மோட்டார், ஃபேன், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 50 வாட்தான். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே தாராளமாகத் தாங்கும். சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, மொட்டை மாடியில் இருக்கும் பாயிண்ட் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து அந்த லைனை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் ஏசி மோட்டார் உறுமும், சூடாகும். சைன் வேவ் வேண்டும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து மணிக்கணக்கில் கரண்ட் போகும் வீடு என்றால் இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த மெஷினை வாங்கவே வேண்டாம்.

சமையல் நடுவே கரண்ட் போனால் ஃபேன் நின்று, ஃபயர்பாட்டில் இருக்கும் பெல்லட் கருகிப் புகையும். ஆகர் குழாய் வழியே நெருப்பு மெல்ல ஹாப்பர் பக்கம் ஏறவும் கூடும். கரண்ட் வந்ததும் அவசரமாக ஸ்டார்ட் பண்ணினால், அரைகுறையாக எரிந்த குவியலின்மேல் புதுப் பெல்லட் விழுந்து, குப்பென்று பற்றி மூடியே எகிறும். இறைச்சியை எடுத்து வைத்துவிட்டு, கிரில், தட்டு, தகடு மூன்றையும் கழற்றி, ஃபயர்பாட்டைக் காலி பண்ணிய பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது தீ தானாக அணைந்தாலும் இதே வைத்தியம்தான். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கும் பழக்கமும் கூடாது. ஷட் டவுன் பொத்தானை அழுத்தி, மிச்சத்தை எரித்து முடித்து ஃபேன் தானாக நிற்கும்வரை விட்டுவிடுங்கள்.

பெல்லட் விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: சமையலுக்கென்று விற்கும், முழுக்க மரத்தூளில் செய்த பெல்லட் மட்டும். கொங்குப் பக்கம் பாய்லருக்குப் போகிற பெல்லட் மூட்டை மூட்டையாக மலிவாகக் கிடைக்கிறது. பார்க்க அதே குச்சிதான். கடலைத் தோல், ஆலைக் கழிவு, பசை கலந்த பிளைவுட் தூள், பெயின்ட் அடித்த மரம் எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். அந்தப் புகை சாப்பாட்டில் படியக் கூடாது. சாம்பலும் ஏராளமாக விழுந்து ஃபயர்பாட்டின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

நல்ல பெல்லட் 6 மில்லிமீட்டர் கனத்தில், மேல்தோல் லேசாக மினுமினுத்து, ஒடித்தால் சடக்கென்று ஒடியும். வளைந்து பிய்ந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பையின் அடியில் தூள் ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தால் அந்தப் பையைத் திருப்பிக் கொடுங்கள். 110 டிகிரியில் மணிக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எரியும். 200 டிகிரிக்கு மேல் போனால் ஒன்றரை கிலோவைத் தொடும். வழக்கமான 9 கிலோ பை ஒன்று ஒரு நீண்ட சமையலுக்கும் இன்னொரு சின்னச் சமையலுக்கும் வரும். வாங்கும் முன் உங்கள் வீட்டில் மாதம் எத்தனை நாள் அடுப்பு பற்றும் என்று கணக்குப் போட்டு, அத்தனை பை ஆன்லைனில் வர ஆகும் கூரியர் செலவையும் சேர்த்துப் பாருங்கள். பலர் மெஷின் விலையைப் பார்த்து மலைக்கிறார்கள். கையைக் கடிப்பது பெல்லட்தான்.

ஈரம்தான் பெல்லட்டுக்கு எமன். சேலம் டவுனில் பை வாயைக் கட்டி வைத்தாலே பெரும்பாலும் போதும். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் ஹாப்பரில் விட்டு வைத்த பெல்லட் ஊதி, உதிர்ந்து மாவாகிவிடும். அந்த மாவு ஆகர் குழாய்க்குள் இறுகி சிமென்ட் மாதிரி கெட்டியாகும். மோட்டார் சுற்றப் பார்க்கும், முடியாது. ஆகரை மோட்டாரோடு இணைக்கும் சின்ன பின் ஒடியும். அந்தப் பின் ஒடிவதற்கென்றே மெல்லிசாக வைக்கப்பட்டது, மோட்டாரைக் காப்பாற்ற. அதற்குப் பதிலாகக் கெட்டியான போல்ட் ஒன்றைப் போட்டுவிட்டால் அடுத்த முறை மோட்டாரே போகும். மலையில் இருப்பவர்கள் ஹாப்பரின் அடியில் காலி பண்ணும் கதவு உள்ள மாடலைத்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கையால் அள்ளியே அலுத்துவிடும். பெல்லட்டை ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பக்கெட்டில் கொட்டி வீட்டுக்குள் வையுங்கள். 20 லிட்டர் பக்கெட்டில் சுமார் 12, 13 கிலோ பிடிக்கும்.

ஏற்காட்டுக்காரர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி காபிக் கட்டை. கவாத்து முடிந்ததும் தோட்டத்தில் கிளைகள் குவிந்து கிடக்கும். காபி மரப்புகை இறைச்சிக்கு நன்றாகவே சேரும். ஆனால் எந்தக் கட்டையையும் ஹாப்பரில் போடக் கூடாது, ஆகர் உடையும். நன்றாகக் காய்ந்த சுள்ளியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, துளையிட்ட ஸ்டீல் குழாயில் அடைத்து, ஒரு முனையைப் பற்றவைத்து கிரில்மேல் ஓரமாக வைத்தால் தனியாகப் புகை தரும். கவனிக்க வேண்டியது எந்தக் கட்டை என்பது. அரேபிகாச் செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்காக அடித்தண்டிலும் தடித்த கிளைகளிலும் பூச்சிமருந்து அடிப்பார்கள். பிடுங்கிப்போட்ட பழைய தூர் எவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தாலும் தொடாதீர்கள். மருந்து அடிக்காத தோட்டம் என்று உங்களுக்கே தெரிந்த இடத்தின் மெல்லிய கிளைகள் போதும். கொய்யாக் கட்டை இருந்தால் அது இன்னும் சுலபம். சீமைக்கருவேலம் அமெரிக்கர்கள் மெஸ்கீட் என்று கொண்டாடும் மரத்தின் இனம்தான். காரமான புகை, அரை மணி நேரத்துக்கு மேல் போனால் கசக்கும்.

கன்ட்ரோலரில் இரண்டு வகை. பழையது நேரக் கணக்கில் ஓடும்: ஆகர் 15 விநாடி சுற்றும், பிறகு பி-செட்டிங்கை (எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நாம் வைக்கும் எண்) பொறுத்து 45 விநாடியோ 65 விநாடியோ 85 விநாடியோ நிற்கும். வெளியே எவ்வளவு குளிர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மே மாதம் சேலத்து வெயிலில் 110 வைத்தால் 130-க்குப் போய் நிற்கும். டிசம்பர் இரவில் ஏற்காட்டில் தீ அணைந்தே போகலாம். பிஐடி வகை விநாடிக்கு விநாடி பார்த்துத் திருத்திக்கொண்டு, வைத்த அளவிலிருந்து ஐந்தாறு டிகிரிக்குள் நிற்கும். முதல் மெஷினுக்கு பிஐடி எடுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: வெப்பம் இவ்வளவு சீராக இருந்தால் தீ சுத்தமாக எரிகிறது என்று பொருள், அதாவது புகை குறைவு. அந்தக் குறையை மேலே சொன்ன துளையிட்ட ஸ்டீல் குழாய் தீர்க்கும். வைஃபை, ஆப் இவையெல்லாம் இருந்தால் இருக்கட்டும். மொட்டை மாடிவரை சிக்னல் வருகிற வீடு எத்தனை?

உயரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்று அங்கே மெல்லிசு. ஃபேன் அதே வேகத்தில் ஊதினாலும் தீக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைவு. அதிகபட்ச வெப்பம் விளம்பரத்தில் சொன்ன அளவுக்கு வராது. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விட்டுச் சோதிக்கும்போது 95 காட்டினால் அது பழுதில்லை, சரியான மீட்டர். சேலத்தில் அதே மீட்டர் 99 காட்ட வேண்டும். இது சமையலிலும் வந்து நிற்கும். தசை நார் பஞ்சாகப் பிரிய 93, 95 டிகிரி உள்வெப்பம் வேண்டும் என்று அமெரிக்கக் குறிப்புகள் சொல்கின்றன. மலைமேல் அந்த எண்ணைத் துரத்தினால் சாறெல்லாம் ஆவியாகிவிடும். 88-லிருந்தே கம்பியால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது.

மெஷின் உடம்பின் தகடு கனமாக இருக்கட்டும். மூடியைத் தூக்கும்போதே தெரியும். லொடலொட என்று ஆடும் மெல்லிய தகடு காற்றடிக்கும் இடத்தில் வெப்பத்தைப் பிடித்து வைக்காது, பெல்லட்டைத் தின்னும். ஃபயர்பாட், சொட்டுத் தட்டு, மறைப்புத் தகடு மூன்றும்தான் முதலில் அரித்துப்போகும் பாகங்கள். இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்: ஸ்டீல் பிளான்ட் உள்ள ஊர், ஸ்டெயின்லெஸ் வேலை தெரிந்த பட்டறை தேடி அலைய வேண்டியதில்லை. மெஷின் புதிதாக இருக்கும்போதே இந்த மூன்றையும் கழற்றி அட்டையில் வரைந்து அளவெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வளைந்தபிறகு அளவெடுத்தால் வளைந்ததுதான் வரும். 304 தரம் கேளுங்கள். காந்தம் சட்டென்று ஒட்டிக்கொண்டால் அது வேறு தரம். கால்வனைஸ்டு தகட்டில் மட்டும் செய்யவே கூடாது. சூட்டில் துத்தநாகப் புகை வரும். இக்னைட்டர் ஒன்றைக் கையில் ஸ்பேராக வைத்திருப்பது நல்லது, எல்லாவற்றிலும் முதலில் போவது அதுதான். மழையில் நனைந்து ஈரம் ஏறிய இக்னைட்டர், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்சைத் தட்டிவிடும். ஸ்டார்ட் பண்ணியவுடன் வீடே இருட்டானால் முதலில் இக்னைட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு முழுக் கோழியும் ஒரு ஆட்டுத் தொடையும் ஒரே நேரத்தில் கிடக்கும் இடம் போதும். பெரிசு வாங்கினால் வெற்றிடத்தைச் சூடாக்கவே பெல்லட் போகும். வைக்கும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். ஓலைக் கூரை, பிளாஸ்டிக் ஷீட் கூரை, மூடிய பால்கனி எதுவும் ஆகாது. புகையோடு வரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. பற்றும்போது ஐந்து, எட்டு நிமிஷம் கெட்டியான வெள்ளைப் புகை வரும். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், சிநேகம் கெடாது.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சரி செய்துகொள்ள வேண்டும். கரிமேல் கொழுப்பு சொட்டி எழும் அந்தச் சுட்ட வாசனைக்கு ஆசைப்பட்டு இதை வாங்கினால் ஏமாற்றம்தான். நடுவில் மறைப்புத் தகடு இருப்பதால் கொழுப்பு நெருப்பைத் தொடாது. கபாப், தந்தூரிக்கு இது தோதுப்படாது. மெதுவாக, மணிக்கணக்கில், பக்கத்தில் நின்று விசிறாமல் வேக வேண்டியவற்றுக்கே இது.

மேச்சேரி ஆட்டுத் தொடை அதற்கு நல்ல உதாரணம். கறிக்கடையில் முன்கூட்டியே "அண்ணே, தொடையை வெட்டாம முழுசா எலும்போட குடுங்க" என்று சொல்லி வைக்காவிட்டால் பழக்கத்தில் துண்டு போட்டுவிடுவார். ஒன்றரைக் கிலோத் தொடைக்கு முந்தின இரவே கிலோவுக்கு 12 கிராம் கணக்கில் உப்பைத் தடவி வையுங்கள். மறுநாள் நசுக்கிய மிளகும் பூண்டும் நல்லெண்ணெயும். 115 டிகிரியில் உள்வெப்பம் 72-ஐத் தொடும்வரை புகையில் கிடக்கட்டும். அதற்குள் நிறம் பிடித்துவிடும். கொழுப்பு குறைந்த கறி என்பதால் அப்படியே விட்டால் வறண்டுபோகும். இரண்டு ஸ்பூன் நெய்யோடு ஃபாயிலில் இறுகச் சுற்றி 90-ஐத் தாண்டும்வரை விடுங்கள். மொத்தம் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். நாலு கிலோ பெல்லட் ஹாப்பரில் இருக்கட்டும். நடுவில் ஒருமுறை ஹாப்பரைத் திறந்து கிளறிவிடுங்கள். மேலே நிறைந்திருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே ஆகருக்கு நேர்மேலே பள்ளம் விழுந்து பெல்லட் இறங்காமல் நிற்கும். தீ அணைய இது ஒரு பெரிய காரணம்.

ஆட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறையும். ஏற்காட்டுக் குளிரில், சொட்டுத் தட்டிலிருந்து கொழுப்பு வெளியே வடியும் குழாயின் வெளி முனையிலேயே மெழுகாக இறுகி அடைத்துக்கொள்ளும். தட்டில் கொழுப்பு தேங்கும். அடுத்த நாள் கோழிக்காக 200 டிகிரிக்கு ஏற்றினால் தேங்கியது பற்றிக்கொள்ளும். கறி சமைத்த ஒவ்வொரு முறையும், ஆறுவதற்குள் குச்சியால் அந்தக் குழாயைக் குத்திவிட வேண்டும். அப்படியும் பற்றிவிட்டால் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறக்காமல் விடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஃபயர்பாட்டுச் சாம்பலை மூன்று, நாலு சமையலுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். முழுக்க ஆறிய மறுநாள்தான் வேக்யூம் கிளீனர். உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் அதன் பை எரியும். அப்போதே வெப்ப உணரியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அதன்மேல் பிசுக்கு படிந்தால் கன்ட்ரோலருக்குத் தப்பான கணக்குப் போகும்.

மெஷின் வந்த அன்றே எதையும் சமைக்காதீர்கள். காலியான ஆகர் குழாய் நிரம்பவே ஐந்து, ஏழு நிமிஷம் ஆகும். ஃபயர்பாட்டில் பெல்லட் விழும் சத்தம் கேட்டபிறகு பற்றவைத்து, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் வெறுமனே ஓடவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கும் பெயின்ட் வாடையும் போய்விடும். முதல் சமையலுக்குக் கோழிதான் தோது, தவறினாலும் செலவு குறைவு. கடையில் தோலை உரித்துத்தான் கொடுப்பார்கள். "தோலோட, முழுசா" என்று கேட்டு வாங்குங்கள், தோல் இல்லாவிட்டால் நெஞ்சுக்கறி கட்டையாகும். 110-ல் ஒரு மணி நேரம் புகை காட்டிவிட்டு 190-க்கு ஏற்றுங்கள். குறைந்த சூட்டிலேயே கடைசிவரை விட்டால் தோல் ரப்பர்தான். நெஞ்சின் தடித்த இடத்தில் 74, தொடையில் எலும்பை ஒட்டி 80 வந்ததும் எடுத்து, பத்து நிமிஷம் ஆறவிட்டு வெட்டுங்கள்.